கம்பளிக்காரன் மகள்

ஹா செபெக்கோ என்கிற மலையூரில் யாரை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். கருமி என்று சொல்லலாம், பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று சொல்லலாம், திருடன் என்றுகூடச் சொல்லிவிட்டு மறுநாள் அவனோடேயே உட்கார்ந்து சோளக் கள் குடிக்கலாம். 'உன் பட்டியில் சொறி' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. ஓர் ஆட்டில் சொறிப்பூச்சி ஏறினால் மாதம் முடிவதற்குள் மலை முழுக்க ஏறிவிடும். ஆடுகள் கல்லிலும் கம்பத்திலும் முதுகைத் தேய்த்துத் தேய்த்து ரோமத்தைக் கொத்துக் கொத்தாக உதிர்த்துவிட்டு நிற்கும். அந்தப் பட்டிக்கு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் இடம் கிடையாது. வருஷம் பூராவும் பனியிலும் காற்றிலும் கிடந்த பாட்டுக்கு மலைக்காரனுக்கு மிஞ்சுவது அந்த ரோமம் ஒன்றுதான்.

கேத்திசாவின் தொண்ணூறு செம்மறிகளுக்கு அந்த வருஷம் ஒரு குறையும் இல்லை. சொறி என்று ஊர் சொன்னது அவனுடைய மூன்று வயது மகளை.

கேத்திசாவின் மனைவி மாலிபுவோ. லிபுவோவின் அம்மா என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த அன்றே நாத்தனார் மாசெபிலி வைத்த பெயர் அது. பெயர் முதலில் வந்துவிட்டது, பிள்ளை வர ஐந்து வருஷம் ஆனது. அந்த ஐந்து வருஷமும் ஊர் அவளை இல்லாத பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டது. லிபுவோ பிறந்த அன்று மாசெபிலி குதிரையில் போய் ஒரு கம்பளி வாங்கி வந்தாள். கருநீலத்தில் மஞ்சள் சோளக்கதிர் போட்ட கனத்த கம்பளி. அதுமாதிரி ஒன்று ஊர்த் தலைவர் வீட்டில்கூட இல்லை. அன்றிலிருந்து குழந்தை அந்தக் கம்பளியில்தான் தூங்கியது, முதுகில் கட்டிச் சுமந்ததும் அதில்தான்.

விஷயம் வெளியே வந்தது ஒரு திங்கட்கிழமை. கத்தரிப்பு தொடங்குவதற்கு முன்னால் பெண்கள் சேர்ந்து கொட்டகையைக் கழுவிவிடுவது வழக்கம். மாலிபுவோ தரம் பிரிக்கும் மேசையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த மேசை அவளுடையது மாதிரி. ரோமத்தில் ஓர் இழைக் கொத்தை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக் காதருகே சுண்டுவாள். டிங் என்று கேட்டால் நல்ல ரோமம், கிழிகிற சத்தம் வந்தால் பசி கிடந்த ஆட்டின் ரோமம். கண்ணை மூடிக்கொண்டே தரம் சொல்லுவாள் என்று பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் தெரியும்.

லிபுவோ மேசைக் காலில் சாய்ந்து உட்கார்ந்து முழங்கைக் குழியைச் சொறிந்துகொண்டிருந்தது. பிறகு எழுந்து நின்று கழுத்தைக் கம்பத்தில் வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்தது.

கொட்டகைச் சங்கத்தின் தலைவர் ராமோஹாபி அதைப் பார்த்துவிட்டார். ஒருகாலத்தில் இந்த மலையிலேயே அவர் கத்தரிக்கு இணை கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் முதுகு வலிக்கிறது என்று கத்தரியை மாட்டிவிட்டுத் தலைவரானார். அன்றிலிருந்து கையில் எப்போதும் தோலுறை. சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார், கரண்டியால் தின்பார். தலைவர் பவுசு என்று பெண்கள் சிரிப்பார்கள்.

"மாலிபுவோ, புள்ள என்ன ஆடு மாதிரி கம்பத்துல ஒரசுது?"

"பல்லு மொளைக்கிற வயசுலருந்து இப்படித்தாண்ணே. சூட்டுக் கொப்புளம்."

"பல்லு கழுத்துலயா மொளைக்கும்?"

கொட்டகையே சிரித்தது. ராமோஹாபி சிரிக்கவில்லை. குனிந்து குழந்தையின் சட்டைக் கையை ஒற்றை விரலால் தூக்கினார். முழங்கைக் குழியில் தோல் சாம்பல் பூத்து, தடித்து, கீறல் கீறலாய் நீர் கசிந்துகொண்டிருந்தது. அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"வர்ற திங்கள் உங்க பட்டி மொற. இல்லியா?"

"ஆமாண்ணே."

"ஆட்டுலருந்து புள்ளைக்கு ஏறிச்சா, புள்ளைகிட்டருந்து ஆட்டுக்கு ஏறிச்சான்னு எனக்குத் தெரியாது. இது சொறியில்லைன்னு ஆஸ்பத்திரி காகிதம் வராம உங்க பட்டி இந்த வாசல் தாண்டாது. தப்பா நெனைக்காத. எனக்கு முப்பது பட்டி கெடக்கு."

தப்பாகத்தான் நினைத்தாள். அவளோடு ஏழு வருஷமாக அதே மேசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தங்கள் பிள்ளைகளை இழுத்துத் துப்பட்டிக்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. செய்தி அவளுக்கு முன்னால் ஓடி வந்திருந்தது. கேத்திசா வாசலில் ஒரு தகரக் குவளையில் ஆட்டு மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தான். சொறிக்கு ஆட்டை முக்கி எடுக்கிற அதே மருந்து, முற்றமே நாறியது.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல. ரொம்பத் தண்ணி ஊத்திட்டேன். குட்டிக்குப் போடுற அளவுலயும் கால்வாசிதான்."

"எந்தக் குட்டிக்கு?"

கேத்திசா லிபுவோவைப் பார்த்தான். மாலிபுவோ குவளையைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினாள்.

"அறிவிருக்கா உனக்கு? கை பட்டா சோப்புப் போட்டுக் கழுவுன்னு டப்பாவுலயே மண்டையோடு படம் போட்டிருக்கான். அத என் புள்ள புண்ணுல ஊத்துவியா?"

"அப்புறம் என்னதான் பண்ணச் சொல்ற? நானும் தெனமும் பாக்குறேன். புண்ணு ஓரத்துலதான் பூச்சி இருக்கும். ஓரத்த விரிச்சு விரிச்சுப் பாத்தாச்சு, ஒண்ணும் நகரல. ஆனா சொறியாம இருக்காளா? தொண்ணூறு ஆட்டுக்கு வைத்தியம் பாக்குறவன், ஒத்தப் பிள்ளைக்குப் பாக்கத் தெரியலன்னா..." என்று சொல்லிக்கொண்டே காலிக் குவளையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான். கேத்திசா வாயாடியே தவிரக் கெட்டவன் இல்லை. மகள் என்றால் உயிர் அவனுக்கு.

அவளும் சும்மா இருக்கவில்லைதான். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் கிருமி மருந்து ஊற்றித் தினம் மூன்று வேளை குளிப்பாட்டினாள். துணி சோப்புப் போட்டு அழுந்தத் தேய்த்தாள். அழுக்கிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தாள். தேய்த்தபின் பிள்ளை இன்னும் கத்தும். கத்தினால் குளிர் என்று கம்பளியில் இறுக்கிச் சுற்றுவாள்.

அந்த நேரத்துக்கு மாசெபிலி வந்து சேர்ந்தாள். தம்பி வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அப்பாவின் அக்கா சொல்லாமல் அங்கே பிள்ளைக்கு முடிகூட வெட்ட முடியாது.

"ஏன்டா தம்பி, ஊரெல்லாம் என் மருமகளச் சொறிபிடிச்சவங்குது, நீ குவளையக் கையில வச்சுக்கிட்டு நிக்குற? ஏ புள்ள, கம்பளிய எங்க? நல்லா இறுக்கிக் கட்டு. வேத்துக் கொட்டுனா விஷம் தானா எறங்கிரும்."

"ரெண்டு வருஷமா இறுக்கித்தான் மதினி கட்டுறேன்."

"அப்ப இன்னும் இறுக்கு."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன் மதினி. நீங்க சரின்னா."

மாசெபிலி சற்று யோசித்தாள். "நீ தனியாப் போனா ஒண்ணு கேப்ப, ரெண்ட மறந்துருவ. நானும் வாரேன்" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் இரண்டு மட்டக்குதிரைகளில் கிளம்பினார்கள். ஐப்பசிக் கடைசி அங்கே வசந்த காலம், அப்போதும் மேல் முகட்டில் பனி வெள்ளையாய்க் கிடந்தது. கீழே பீச் மரங்களில் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. காற்று முகத்துத் தோலை இழுத்து உலர்த்தியது. லிபுவோ அம்மா முதுகில் கம்பளிக்குள் முண்டிக்கொண்டே வந்தது. வழியில் ஓடைக்கரையில் இறங்கி ஆறிப்போன சோளக் களியும் கீரையும் தின்றார்கள். மாசெபிலி ஊக்கைக் கழற்றிக் கம்பளியை மறுபடி கழுத்து வரை இழுத்து மாட்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரி என்று பெயர், மூன்று அறைக் கல் கட்டடம்தான். நர்ஸ் லினேயோ குண்டான பெண். பேசிக்கொண்டே வேலை செய்வாள். குழந்தையை மடியில் வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள்.

"பேரென்ன கண்ணு?"

"லிபுவோ. எனக்குச் சொறி."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."

நர்ஸ் குழந்தையின் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். மணிக்கட்டு, அக்குள், தொப்புள் எல்லாம் பார்த்தாள். "வீட்ல எத்தன பேர்? எங்க படுக்குறீங்க?"

"மூணு பேர். ஒரே கட்டில். இவ நடுவுல."

"உங்களுக்கு அரிக்குதா? வீட்டுக்காரருக்கு?"

"இல்லம்மா."

"சிரங்குப் பூச்சின்னா இந்த விரலிடுக்குலதான் மொதல்ல குடியேறும். ஒரே கட்டில்ல ரெண்டு வருஷம் படுத்துட்டு உங்க ரெண்டு பேரையும் விட்டு வச்சிருக்காது. ஆட்டுச் சொறிப் பூச்சி மனுசத் தோல்ல பொழைக்கவே பொழைக்காது. அத விட்டுத்தள்ளுங்க. மொதமொதல்ல எங்க வந்துச்சு?"

"தவழுறப்போ கன்னத்துல. பொரிப்பொரியா. அப்புறம் முழங்கைக் குழி, முழங்காலுக்குப் பின்னால. போன குளிர்லருந்து கழுத்துலயும்."

"கரப்பான்" என்றாள் நர்ஸ். "இது ஒட்டாது. யார்கிட்டருந்தும் வரல, யாருக்கும் போகாது."

மாசெபிலி அதுவரை சுவரில் ஒட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் படத்துல கரப்பான்னா செவசெவன்னு இருக்கே? எங்க புள்ளைக்குச் செவப்பே இல்லியே?"

"அது வெள்ளைக்காரப் பிள்ளை, பெரியக்கா. படம் அங்கருந்து வந்தது. நம்ம தோல்ல செவப்பத் தேடினா கெடைக்காது. கறுத்துப் போகும், சாம்பல் பூக்கும், தடிக்கும். கண்ணவிடக் கைதான் சொல்லும். நீங்களே தொட்டுப் பாருங்கம்மா."

மாலிபுவோ கண்ணை மூடிக்கொண்டு மகளின் கையைத் தடவினாள். எத்தனையோ நாள் தேய்த்துக் கழுவிய கை. ஒரு நாளும் இப்படித் தொட்டுப் பார்த்ததில்லை. மேல்கை மெத்தென்று இருந்தது, பிறகு சொரசொரப்பு, பிறகு மடிப்பில் தடிப்பு. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவளால் கோடு போட்டுக் காட்ட முடியும் போலிருந்தது. முதுகிலும் முழங்கையின் வெளிப்பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு இருந்ததை விரல் கண்டுபிடித்தது.

"குடும்பத்துல யாருக்காவது இழுப்பு, ஓயாத தும்மல், இந்த மாதிரி உண்டா?"

"இவங்க அப்பா வைக்கோலப் பாத்தாலே தும்முவாரு. அதுக்காகவே எல்லாரும் அவரக் கேலி பண்ணுவாங்க."

மாசெபிலி தொண்டையைச் செருமினாள். "தும்மல் மட்டுமில்ல" என்றாள் மெதுவாக. "சின்னதுல அவனுக்கும் இதே எடத்துல இருந்துச்சு. நான்தான முதுகுல தூக்கிட்டு அலைஞ்சேன். எந்நேரமும் அழுகை. எங்கம்மா கம்பளியில இறுக்கிக் கட்டுவா. பெரியவனா ஆக ஆகத் தானாப் போயிருச்சு, மறந்தே போனேன்."

நர்ஸ் குழந்தையின் கழுத்தில் விரல் வைத்தாள். ஊக்கு மாட்டும் இடத்திலிருந்து ஒரு பட்டையாகத் தோல் தடித்திருந்தது. பிறகு கம்பளியின் ஓரத்தை எடுத்து அதன்மேல் வைத்தாள். அளவெடுத்ததுபோலப் பொருந்தியது.

"கரப்பானக் கம்பளி கொண்டு வரல. அது பிறவித் தோல். ஆனா அந்தத் தோல்ல ரோமம் உரசுனா அரிக்கும், வேர்வையும் சேர்ந்தா இன்னும் அரிக்கும். சொறிவா, புண்ணாகும். இந்தக் கம்பளி இவ தோல்ல படக் கூடாது."

மாலிபுவோவுக்கு நாத்தனாரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சோளக்கதிர் போட்ட கம்பளியை ஒரு வெளியூர்க்காரி இரண்டு விரலால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டாள்.

நர்ஸ் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். சீக்கிரம் குளிப்பாட்டித் தூக்கிவிட வேண்டும். கிருமி மருந்தும் துணி சோப்பும் அந்தப் பக்கமே வரக் கூடாது. துடைக்கையில் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை போடாத வாஸ்லினை உடம்பு முழுக்கத் தாராளமாகப் பூச வேண்டும். பகலிலும் இரண்டு மூன்று தடவை பூசலாம். ஒரு சின்னக் குழாய்க் களிம்பு கொடுத்தாள். அது தடித்த இடத்துக்கு மட்டும், மெல்லிசாக, காலையும் மாலையும், ஒரு வாரம்.

"சந்தையில வெள்ளையாக்குற களிம்பு விக்கிறான் பாருங்க, அத இதுக்குன்னு வாங்கிராதீங்க. நகத்த ஒட்ட வெட்டுங்க. அரிச்சா சொறியாமத் தட்டச் சொல்லிக் குடுங்க. சீழ் வச்சாலோ காய்ச்சல் வந்தாலோ அன்னைக்கே ஓடி வந்துரணும்."

"முழுசாப் போயிருமாம்மா?"

"வரும், போகும். குளிர்ல கூடும். வளர வளரக் குறையலாம். போச்சுன்னு பூசுறத நிறுத்தாதீங்க."

காகிதத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். தொற்று நோய் அல்ல என்பதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்.

திரும்பி வரும்போது குழந்தை அம்மாவின் பருத்தித் துப்பட்டிக்குள் இருந்தது. கம்பளி மாசெபிலியின் சேணத்தின்மேல் மடித்துக் கிடந்தது. வழியெல்லாம் அவள் குதிரையை முன்னால் விரட்டிக்கொண்டே போனாள். வீட்டு வாசலில் குதிரையை நிறுத்தி, இறங்காமலேயே, "கம்பளி என்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கேத்திசா காகிதத்தை மூன்று தடவை படித்தான்.

"காகிதம் கெடைச்சுது, அக்கா போயிட்டாளா?"

"நான் ஒண்ணும் சொல்லல. நர்சம்மாதான் சொன்னாங்க."

"நானாயிருந்தா அந்தக் காகிதத்தக் கிழிச்சுப் போட்டுட்டு அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பேன்" என்றான் கேத்திசா. விளையாட்டாகச் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் மாசெபிலி எட்டிப் பார்க்கவில்லை. மாலிபுவோ நர்ஸ் சொன்னபடியே எல்லாம் செய்தாள். முதல் நாள் வாஸ்லின் பூசிய பிள்ளை வழுக்கிக்கொண்டு கைக்குள் நிற்காமல் ஓடியது. கேத்திசா துரத்திப் பிடித்து, நெய்யில் விழுந்த எலி என்று சொல்லிச் சிரித்தான். மூன்றாம் நாள் கசிவு நின்றது. நான்காம் நாள் காலை லிபுவோ கூழ் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு தடவைகூடக் கீழே வைத்துச் சொறியாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தது. மாலிபுவோ அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

அப்போது மாசெபிலி உள்ளே வந்தாள். கையில் அதே கம்பளி. விரித்துக் காட்டினாள். உள்பக்கம் முழுக்க, ஓரத்தையும் மடித்துச் சேர்த்து, துவைத்துத் துவைத்து மெலிந்த வெள்ளைப் பருத்தித் துணி வைத்துத் தைத்திருந்தாள். தையல் கோணல்மாணலாக இருந்தது. அவளுக்கு ஊசி வராது என்று ஊருக்கே தெரியும்.

"என் கல்யாணப் போர்வை" என்றாள். "மூணு நாளாச்சு தைக்க. கண்ணு போச்சு. ரோமம் இனி இவ மேல படாது. உள்ளுக்குச் சட்டையப் போட்டு, வேர்க்காமத் தளர்வாச் சுத்து. என்ன பாக்குற? அத்த குடுத்த கம்பளி இல்லாம இவ வெளிய போவான்னு நெனைச்சியா?"

"கோவிச்சுக்கிட்டீங்கன்னு நெனைச்சேன் மதினி."

"கோவந்தான். இந்தச் சனியன் முப்பது வருஷத்துக்கு முன்ன என் முதுகுலயே இருந்துச்சு. எனக்குத்தான் கண்ணு தெரியல" என்றவள், லிபுவோவை இழுத்து மடியில் போட்டுக் கையைத் தடவிப் பார்த்தாள். "ஏ, மெத்துன்னு இருக்கே!"

திங்கட்கிழமை கேத்திசாவின் பட்டி கொட்டகை வாசலில் நின்றது. ராமோஹாபி காகிதத்தை வாங்கிப் படித்தார். பிறகும் வழி விடவில்லை. பத்து ஆடுகளைப் பிடித்து, தோளிலும் முதுகிலும் ரோமத்தைப் பிளந்து பிளந்து தோலைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. உறைக்கையாலேயே வாசல் கம்பை நகர்த்தினார்.

"உள்ள விடு" என்றார். அவ்வளவுதான்.

மதியத்துக்குள் நாற்பது ஆடுகள் வெள்ளை வயிற்றோடு குளிரில் துள்ளிக்கொண்டு வெளியே ஓடின. கேத்திசா ஒவ்வோர் ஆட்டின் ரோமமாகச் சுமந்து வந்து மேசையில் விரித்தான், ஒவ்வொன்றுக்கும் தும்மினான். மாலிபுவோ இழையைக் காதருகே சுண்டிக்கொண்டே இருந்தாள். அத்தனையும் நன்றாகப் பாடியது. பெண்கள் அவளோடு பேசத் தொடங்கியிருந்தார்கள், கொஞ்சம் வெட்கத்தோடு.

சாப்பாட்டு வேளையில் அவள் லிபுவோவை வெயிலில் உட்கார வைத்து வாஸ்லின் பூசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிழல் விழுந்தது. ராமோஹாபி.

"அந்தக் களிம்பு..." என்றார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "பெரியவங்களுக்கும் குடுப்பாங்களா?"

"யாருக்குண்ணே?"

அவர் இடது கை உறையை மெதுவாக உருவினார். விரல் முட்டிகளெல்லாம் வெடித்து, கறுத்து, மரப்பட்டையாய்க் கிடந்தது கை. ரோமப் பிசுக்கும் ஈரமும் பட்டுப் பட்டு எரியும் என்றார். முதுகு வலி என்று சொன்னது பொய் என்றார். "சொறிபிடிச்ச கையின்னு தெரிஞ்சா எவன் ஆட்ட என்கிட்ட விடுவான்? ஆறு வருஷமா கத்தரியத் தொடல."

மாலிபுவோவுக்கு அவர்மேல் ஒரு வாரமாக மூட்டை கட்டி வைத்திருந்த கோபம் முழுக்க இருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நாளைக்கே போய் நர்சம்மாகிட்டக் காட்டுங்கண்ணே. அதுவரைக்கும் இதப் பூசுங்க. போய்க் கையக் கழுவிட்டு வாங்க. சோப்பு வேணாம். ரெண்டு கையும்."

தண்ணீர்ப் பீப்பாய் கொட்டகையின் நட்ட நடுவில் இருந்தது. ராமோஹாபி அதையும், அதைச் சுற்றி உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்த முப்பது பேரையும் பார்த்தார். பிறகு மற்ற உறையையும் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். முப்பது பேரும் களியை விட்டுவிட்டு அந்தக் கைகளையே பார்த்தார்கள். கேத்திசா மட்டும் தும்மினான்.

ஈரக் கையோடு அவர் வந்து உட்கார்ந்தார். மாலிபுவோ வாஸ்லின் டப்பாவை நீட்டுவதற்குள் லிபுவோ கம்பளியோடு எழுந்து வந்து அந்தக் கைகளை உற்றுப் பார்த்தது.

"உங்களுக்கும் அரிக்குதா?"

"ஆமா கண்ணு."

"சொறியக் கூடாது. இப்படித் தட்டணும்" என்று அவருடைய புறங்கையில் தன் சின்னக் கையால் தட்டத் தொடங்கியது.

வாசலில் அடுத்த பட்டி வந்து கத்திக்கொண்டு நின்றது. யாரோ தலைவரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை, கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.